காலிப் பெட்டியின் இம்பிடன்ஸ்

பர்ரான்கியா, திங்கட்கிழமை

அன்பு மகள் யதீராவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாகவும் சத்தமாகவும் இருக்கிறோம். அந்தக் குளிரில் காற்றாலைக் கோபுரம் ஏறி இறங்கும் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். காதை மூடிக்கொண்டு ஏறு.

சித்தப்பா வில்பெர்த்தோவின் மகள் கெய்லாவுக்குப் பதினைந்து வயது நிறைந்த விழா சனிக்கிழமை நடந்தது. நடந்ததே பெரிய விஷயம். ஆட்டத்துக்கு அப்பா கட்டிய நம் 'சூறாவளி' ஸ்பீக்கர் பெட்டிகள்தான் என்று ஆறு மாதமாகப் பேச்சு, ஆனால் புதன்கிழமை பார்த்து ஆம்ப்ளிபயர் மக்கர் செய்தது, கனத்த பேஸ் வரும் இடத்திலெல்லாம் பட்டென்று அணைந்துபோகும். போன மாதம் அதைப் பழுதுபார்த்தது சித்தப்பா. தம்பிக்கு ஈயம் வைக்கவே தெரியாது என்று அப்பா நடுத்தெருவில் நின்று சொல்லிவிட்டார், உன் பெட்டிகளை நீயே கட்டிக்கொண்டு அழு, என் மகள் ரேடியோவுக்கு ஆடிக்கொள்வாள் என்று அவரும் போய்விட்டார். கெய்லா என் மடியில் விழுந்து அழுதாள்.

எனக்கு வேறு சந்தேகம். கிழிந்த ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி அப்பா சரிசெய்யக் கொடுத்திருந்தார், காலிப் பெட்டி மட்டும் ஆம்ப்ளிபயரோடு இணைந்தபடியே நின்றது. ஒன்றுமில்லாத பெட்டியால் என்ன சுமை என்றார். உள்ளே நான் கம்பி சுற்றிச் செய்த காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் இருக்கின்றனவே. மாலை வகுப்பில் கலப்பெண்கள் படிக்கிறேன் அல்லவா, மீன் பொரியும் நேரத்தில் பெட்டியின் இம்பிடன்ஸை, அதாவது மொத்த மின்தடையை, கணக்குப் போட்டேன். அந்த பேஸ் அதிர்வெண்ணில் காயிலுக்குக் கூட்டல் எட்டு ஜே, கெப்பாசிட்டருக்குக் கழித்தல் எட்டு ஜே; ஜே என்பதுதான் கற்பனை எண். கெப்பாசிட்டருக்குப் பக்க இணைப்பில் எட்டு ஓம் ஸ்பீக்கர் இருந்தால் அவை இரண்டும் சேர்ந்து நான்கு கழித்தல் நான்கு ஜே, அதோடு காயிலையும் சேர்த்தால் நான்கு கூட்டல் நான்கு ஜே, அளவில் ஐந்தரை ஓமுக்கு மேல், ஆம்ப்ளிபயர் தாங்கும். ஸ்பீக்கர் இல்லையென்றால் கூட்டல் எட்டும் கழித்தல் எட்டும் அடிபட்டுப்போய் மிஞ்சுவது காயில் கம்பியின் அரை ஓம்தான், கிட்டத்தட்ட ஷார்ட். அணையாமல் என்ன செய்யும்?

கற்பனை எண்ணை வைத்துக்கொண்டு நிஜப் பெட்டியைக் குற்றம் சொல்கிறாயே என்று அப்பா சிரித்தார். நான் காலிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு அதே பாட்டை முழுச் சத்தத்தில் போட்டேன். கடைசிவரை ஓடியது, எதிர்வீட்டு ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. அப்பா என் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார், பிறகு சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பினார், நானும் பின்னாலேயே போனேன். வாசலில் நின்று, "தப்பு என்னுதுதான்டா. நான் திட்டினதையெல்லாம் கற்பனைக் கணக்குல எழுதிக்க" என்றார். சித்தப்பா கதவை அகலத் திறந்தார். அப்புறம், "உள்ள வா அண்ணே, சூப் ஆறுது" என்றார்.

விழாவில் கெய்லா முதல் ஆட்டம் தன் அப்பாவோடு ஆடினாள், இரண்டாவது உன் அப்பாவோடு. அவர் அவள் காலை மிதித்ததைத் தவிர வேறு பழுது எதுவும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் கைவிடமாட்டாள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. கணக்கை மறுபக்கம் எழுதியிருக்கிறேன், மறக்காமல் சரிபார். பிழை இருந்தால் எனக்கு மட்டும் எழுது, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் அம்மா,
எர்மெலினா