குப்பம்மாள் என்று ஒருத்தி உண்டு

மஸ்கட் வெயிலிலும் வாடாத என் மகள் மணிமொழிக்கு, களமருதூர் ஏரிக்கு இந்தப் பக்கம் உள்ள சகல உலகங்களுக்கும் அதிபதியான உன் பெரியப்பா கண்ணாயிரம் எழுதுவது. நான், உன் அம்மா, எருமை மூவரும் சுகம், எருமை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி சுகம். உன் உடம்பும் டூட்டியும் எப்படி என்று எழுது. இப்போது சொல்லப்போவது ஒருவரும் நம்பாத கதை என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் தாத்தா உயிலில் உனக்கென்று எழுதிய கிணற்றுக்கொல்லை செல்லாது என்று உன் சித்தப்பன் தமிழரசன் கேஸ் போட்டிருந்தானே, அது போன திங்கள் விசாரணைக்கு வந்தது. அன்று கல்வராயன் மலையே இறங்கி வந்து கோர்ட் வாசலில் குந்தியதுபோல் கூட்டம். நம் வக்கீல் மீசையில் ஆளுக்கொரு பக்கம் இரண்டு பேர் ஊஞ்சல் ஆடலாம். விஷயம் என்னவென்றால், உனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் நீ பிறந்ததும் உன்னைக் குப்பைமேட்டில் புரட்டி, பக்கத்து வீட்டு இருசம்மாளிடம் கொடுத்து, ஒரு முறம் தவிட்டுக்குத் திருப்பி வாங்கி, குப்பம்மாள் என்று பேர் வைத்தோம். எமனுக்கு உன்மேல் ஆசை வரக்கூடாது, அவ்வளவுதான். மணிமொழி என்பது பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வந்தது. தாத்தா அந்தப் பேரை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. உயிலிலும் 'என் பேத்தி குப்பம்மாளுக்கு' என்றே சொல்லி எழுத வைத்துவிட்டார். எல்லை எழுதியதில் கிழக்கே இருக்கும் கிணறும் மேற்கே போய்விட்டது. பத்திரம் எழுதியவர் படித்துக் காட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்து தாத்தாவுக்கு விசிறிக்கொண்டிருந்தவன் தமிழரசன். இரண்டு தப்பையும் கேட்டுக்கொண்டு, விசிறியை நிறுத்தாமல் சும்மா இருந்தான். அது எதற்கென்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

கூண்டில் ஏறினான். "குப்பம்மான்னு எங்க வூட்டுல யாருமே கெடையாதுங்க" என்றான். ரேஷன் கார்டைக் காட்டினான், அதில் அந்தப் பேர் இல்லை. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு குப்பம்மா குப்பம்மா என்று ஊரெல்லாம் கத்தித் திரிந்தவன் அவன்தானம்மா. எனக்கு நெஞ்சில் யாரோ உரலைத் தூக்கி வைத்ததுபோல் இருந்தது. நம் வக்கீல் பதறவில்லை. பேர் பிசகினாலும் எல்லை பிசகினாலும் உயில் படுத்துவிடாது, எழுதினவர் யாரை நினைத்தார், எந்த நிலத்தை நினைத்தார் என்று தெளிவாகத் தெரிந்தால் போதும், கையெழுத்தும் இரண்டு சாட்சியும் சரியாக இருக்கின்றன என்றார். தாத்தாவுக்குப் பேத்தி நீ ஒருத்திதான், கிணறுள்ள கொல்லையும் ஒன்றுதான் என்பதையும் எடுத்துச் சொன்னார். பிறகு இருசம்மாள் ஏறினாள். "தவிட்ட வாங்கிக்கினு புள்ளைய குடுத்தவ நான். அந்த மொறத்த தூக்கிக்கினு வந்ததே தோ நிக்கிறானே தமிழரசு, இவன்தாங்க" என்றாள். அவன் வக்கீல் அவளைக் குறுக்கு விசாரணை செய்யவே இல்லை.

நேற்று தீர்ப்பு. கொல்லை உனக்குத்தான். உன் அம்மா பொங்கல் வைத்தாள், எனக்கு இறங்கவில்லை. என் தம்பி கொல்லை வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தால் என் பங்கில் பாதியைக் கொடுத்திருப்பேன். நீ இல்லவே இல்லை என்றானே, அதுதான் தாங்கவில்லை. அவன் போன் செய்தால் எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம், நான் எடுக்கவில்லை. பட்டா மாற்ற உன் பள்ளிச் சான்றிதழ் நகலும் ஆதார் நகலும் வேண்டும், மறக்காமல் அனுப்பு. இனி எந்தப் பத்திரத்திலும் 'மணிமொழி என்கிற குப்பம்மாள்' என்றே போடு. வேளைக்குச் சாப்பிடு. எந்தக் கண்ணும் படாமல் நூறு வயது இரு தாயே.

இப்படிக்கு,
உன் பெரியப்பா
கண்ணாயிரம்

பி.கு.: தீர்ப்பு விவரத்தில் பொய் இல்லை, கூட்டமும் மீசையும் நான் சேர்த்தவை. கோர்ட்டுக்கு வந்தது பதினோரு பேர், வக்கீலுக்கு மீசையே கிடையாது. நீ நம்பவே மாட்டாய் என்று எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. கூண்டில் ஏறும் முன் தமிழரசன் என் பக்கம் வந்து, "இன்னாண்ணே, சாப்ட்டியா?" என்று கேட்டான். அதுவும் சத்தியமாக நடந்தது. நானும் "சாப்ட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.