சிரிக்கச் சொல்லித்தரும் வகுப்பு

ஜூன் 16, திங்கள். விடாத மழை.

தூங்கினேன். மருந்தும் போட்டேன். அம்மா தினமும் காலையில் கேட்கும் இரண்டு கேள்விக்கும் இதுதான் பதில். இனி இதைக் கிழித்துக் கதவில் ஒட்டிவிடலாம்.

விடிய முதல் பஸ். கொடகவெலயிலிருந்து இரத்தினபுரி வரை நின்றபடி. பக்கத்து ஆளின் ஈரக்குடை முழுக்க என் கால்சட்டையில். அவருக்கு அது தெரியும். வேண்டுமென்றே தெரியாத மாதிரி நின்றார்.

வகுப்பு இரண்டாவது வாரம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு மண்டபம். பினாயில் நாற்றம், அதற்கு மேல் முட்டை ரோல் நாற்றம். வாசலில் பேனர்: "வேலைக்கான சமூகத் திறன் பயிற்சி." எட்டுப் பேர். எல்லோரும் மனநலக் கிளினிக்கில் மருந்து எழுதும் கொப்பி வைத்திருப்பவர்கள். படம் எடுக்க மட்டும் பெரிய ஆட்கள் வருவார்கள், ரோலைத் தின்பார்கள், போவார்கள்.

நடத்துவது ரிஸானா மிஸ். இரத்தினபுரி டவுன் ஆள். நல்லவர். அந்த நல்லதனம்தான் தாங்க முடியவில்லை. நாங்கள் பேனையை எடுத்தாலும் "மிச்சம் நல்லம்!" என்கிறார். யார் எதைச் செய்து முடித்தாலும் கை தட்ட வேண்டும். அது சட்டம்.

இன்றைய பாடம்: புன்னகை. ஆளுக்கு ஒரு சின்னக் கண்ணாடி.

"சதீஸ், பல்லு தெரியணும்."

"பல்லு வலி மிஸ்."

பொய். உண்மையைச் சொன்னால் அவருக்கு விளங்காது. உயர்தரம் படித்தபோது எட்டு நாள் தூங்காமல் இருந்து, பாடசாலைத் தண்ணீர் டாங்கி மேல் ஏறி, சிரித்துக்கொண்டே முழுப் பாடசாலைக்கும் பிரசங்கம் வைத்தவன் நான். அதோடு படிப்பு முடிந்தது. தோட்டத்து லய வீடுகளில் இன்றுவரை என் பெயர் "டாங்கி". அதற்குப் பிறகு நான் கொஞ்சம் பல்லைக் காட்டினாலே போதும். "அந்தா, திரும்ப ஆரம்பிச்சிட்டான்" என்பார்கள். மூன்று வருடமாகச் சிரிக்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன். அதை இப்போது கண்ணாடி கொடுத்து அழிக்கப் பார்க்கிறார்கள்.

கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தேன்.


ஜூன் 17, செவ்வாய். மதியம் கொஞ்சம் வெயில், பிறகு பழையபடி.

ஒரு தாள் கொடுத்தார்கள். நேர்முகப் பரீட்சைக்கு:

1. கண்ணைப் பார்த்துப் பேசுக. (தோட்டத்தில் துரையின் கண்ணைப் பார்த்துப் பேசிய ஒரே ஆள் என் மாமா. ஒரு வாரம் வேலைக்குப் பெயர் கூப்பிடவில்லை.)
2. உறுதியாகக் கை குலுக்குக. (மருந்தால் என் கை சும்மாவே குலுங்குகிறது. எதிரில் உள்ளவர் பிடித்தால் மட்டும் போதும்.)
3. நிமிர்ந்து உட்காருக.
4. நோயைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். பிடிக்காவிட்டால்: "உடல்நலக் காரணங்களால் ஒரு இடைவெளி ஏற்பட்டது."

நாலாவதைப் பத்துத் தடவை சொல்ல வைத்தார். எட்டுப் பேரும் ஒன்றாக. தேவாரம் மாதிரி.

ஒரு விசயம் மட்டும் நிஜம். தேயிலைப் பக்கெற் அடைக்கும் கம்பனி ஒன்று எங்கள் வகுப்பில் இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறது. வரும் திங்கள் நேர்முகப் பரீட்சை. ஒன்று நான். மற்றது கோமதி.

கோமதி குருவிட்டப் பக்கம் ரப்பர் தோட்டம். என் வயதுதான். ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசுவாள், எண்ணியிருக்கிறேன். இன்று ஆறும் ஒரே மூச்சில். ரோலைப் பிரித்துப் பார்த்து, "முட்டைய முட்டைக்கே தெரியாம வச்சிருக்காங்க, ஒளிச்சு வச்சிட்டாங்க" என்றாள்.

மிஸ் அவளிடம் தனியாகச் சொன்னது காதில் விழுந்தது: "மகள், இது போனா இப்போதைக்கு வேற ஒண்டும் இல்ல. விட்டுராதீங்க."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.


ஜூன் 18, புதன்.

எழுத விருப்பமில்லை. எழுதாவிட்டாலும் தலைக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒத்திகை. கோமதி வேலை கேட்டு வருகிறாள். "சதீஸுக்கு வாய் நல்லா இருக்கு, சதீஸ் முதலாளி" என்றார் மிஸ். மேசை, இரண்டு கதிரை. உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது போதும், ஏறிவிட்டேன். டாங்கி மேல் ஏறிய மாதிரியே.

கோமதி வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வெறுங்காலோடு வந்து மேசைக்குப் பக்கத்தில், கதிரை காலியாக இருக்க, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண் தரையில். தோட்டத்து ஒபிஸ் யன்னலில் நிற்பது போல அச்சாக.

"யாரு இவள உள்ள விட்டது? எந்த டிவிசன்?"

சிரிப்பு.

"செருப்பக் கழட்டிட்டு வாறியே, இதென்ன கோயிலா?"

பெரிய சிரிப்பு. மிஸ்கூட.

"ரெண்டு வருசமா வேலையில்ல. என்ன செஞ்ச? ஆஸ்பத்திரில கட்டி வச்சிருந்தாங்களா?"

சிரிப்பு நின்றது.

"ஆமாங்க தொரே" என்றாள் கோமதி.

வாசலுக்குப் போனாள். செருப்பைப் போட்டாள். குடையை எடுக்காமல் போய்விட்டாள்.

கடைசி வரிசையில் யாரோ கை தட்டினான். ஒத்திகை முடிந்தால் தட்ட வேண்டும் அல்லவா.

என்னையும் கட்டியிருந்தார்கள். முதல் இரண்டு நாள், வலது கையும் இடது காலும். அதனால்தான் அந்தக் கேள்வி வாயில் தயாராக இருந்தது. வேறு எவனுக்கும் அது வந்திருக்காது.

சீ.


ஜூன் 19, வியாழன்.

கோமதி வரவில்லை. குடை மூலையில் அப்படியே.

மிஸ் என்னைத் திட்டவில்லை. "நீங்க அப்படி நெனச்சுச் செய்யல்ல தானே" என்றார். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன். என் ரோலை நாய்க்குப் போட்டேன். அதுவும் முதலில் மோந்து பார்த்தது.

மிஸ் நான்கு தடவை கோல் எடுத்தார். கோமதி எடுக்கவில்லை. "திங்கக்கிழம அவ வராட்டி, கம்பனிக்கு ஒரு பேர் மட்டும் குடுக்க வேண்டி வரும்" என்றார், என்னைப் பார்க்காமல்.

வகுப்புக் குரூப்பில் அவள் நம்பரை எடுத்து வட்ஸ்அப்பில் நான் அனுப்பியது: "சொரி." நீல டிக். அவ்வளவுதான்.

உலகத்திலேயே அழுக்கான வார்த்தை சொரி. துடைத்த துணி மாதிரி.


ஜூன் 20, வெள்ளி. காலையிலிருந்து கொட்டுகிறது.

வகுப்புக்குப் போகவில்லை. நேற்றே எடுத்து வந்த அவளுடைய குடையோடு குருவிட்ட பஸ்.

தோட்டத்துச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை. அதற்கு மேல் போகவில்லை. முன்பின் தெரியாத பையன் ஒருத்தன் லயத்துக்குள் போய்ப் பெண்ணைக் கேட்டால் என்ன பேசுவார்கள் என்று தெரியும். கடையிலிருந்து மெசேஜ்: "குடை கொண்டுவந்திருக்கேன்."

அரை மணி நேரம். முதலில் வந்தது அவளுடைய அம்மா. தலையில் பொலித்தீன் உறை, மழையால் ரப்பர் பால் வெட்டும் வேலை இல்லாத எரிச்சல் முகத்தில்.

"நீங்கதானா அந்தத் தொர?"

குடையை நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

"ரெண்டு நாளா சோறு தின்னல எம்புள்ள. வேலைக்குப் போவா, நாலு பேரப் பாப்பான்னு நானே அடிச்சுத் தொரத்தி அனுப்புனேன் அந்தக் கிளாசுக்கு. அங்கயும் ஒரு தொர ஒக்காந்திருப்பான்னு எனக்குத் தெரியுமா?"

"தப்புங்கம்மா."

"தப்புன்னா?"

அவருக்குப் பின்னால் கோமதி, ஒரு உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு. குடையை வாங்கினாள். விரித்துப் பார்த்தாள், கம்பி உடைந்திருக்கிறதா என்று. பிறகு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த எனக்கு எதிரே நின்றாள்.

"திரும்பக் கேளுங்க."

"எத?"

"அன்னைக்குக் கேட்டத. அதே மாதிரி."

"மாட்டேன்."

"மிஸ் இனிப்பாக் கேக்குறாங்க. அங்க எவன் இனிப்பாக் கேக்கப் போறான்? நீங்க கேட்டதுதான் கேப்பாங்க. கேளுங்க தொரே."

அவளுடைய அம்மா என்னைப் பார்த்தார். கடைக்காரர் பிளேன்டி ஆற்றுவதை நிறுத்திவிட்டார். கேட்டேன். சத்தம் எழும்பவில்லை. "இன்னும் மோசமா" என்றாள். மோசமாகக் கேட்டேன். முதல் தடவை தரையைப் பார்த்தாள். இரண்டாவது தடவை குடையைப் பார்த்தாள். நாலாவதோ ஐந்தாவதோ, என் கழுத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆமா. சொகமில்லாம இருந்திச்சு. கட்டியும் வச்சாங்க. இப்ப மருந்து எடுக்குறேன். வேலைக்குப் பிந்த மாட்டேன். நான் உக்காரலாமா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் உட்கார்ந்தாள்.

கடைக்காரர்: "அடி சக்க! வேல குடுத்தாச்சு, நாளைக்கே வா புள்ள, கோப்ப கழுவ ஆளில்ல."

அவளுடைய அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். இன்னும் கோபம்தான். தம்பி என்றது கடைக்காரருக்காக.


ஜூன் 22, ஞாயிறு.

சப்பாத்து கடன் வாங்கியது. மாமாவுடையது, ஒரு சைஸ் பெரிது. சொக்ஸ் என்னுடையது. அம்மா சட்டையை மூன்று தடவை அயர்ன் பண்ணினார். பக்கத்து வீட்டில்: "டாங்கிக்குப் பொண்ணு பாக்கப் போறாங்களா?" நாய்கள்.


ஜூன் 23, திங்கள். மழை இல்லை. நம்ப முடியவில்லை.

கம்பனி. கண்ணாடிக் கதவு, ஏசி, எங்கும் தேயிலைத் தூள் வாசம். முதலில் கோமதி. செருப்போடு உள்ளே போனாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், கழற்றவில்லை. கால் மணி நேரம். வெளியே வந்து ஒன்றே ஒன்று சொன்னாள்:

"உக்காரச் சொல்லுவாங்க. உக்காருங்க."

எனக்கா சொல்கிறாள் என்று நினைத்தேன்.

போனேன். மேசைக்குப் பின்னால் ஒரு சிங்கள மேடம், கண்ணாடி போட்டவர். என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தார்.

"சப்பாத்து கோ மல்லி?"

சப்பாத்து எங்கே தம்பி என்று கேட்கிறார். குனிந்து பார்த்தேன். வெறும் சொக்ஸ். இடது பெருவிரல் ஓட்டையில் எட்டிப் பார்க்கிறது. எப்போது கழற்றினேன்? சத்தியமாகத் தெரியாது. கை கட்டியிருந்தது. கதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒபிஸ் யன்னல் போல, அச்சாக.

"வாடிவென்ன" என்று கதிரையைக் காட்டினார். இரண்டாவது தடவை சொன்ன பிறகு உட்கார்ந்தேன்.

மூன்று வருடம் என்ன செய்தாய் என்றார். உடல்நலக் காரணங்களால் ஒரு இடைவெளி. பத்துத் தடவை சொன்ன வசனம், ஒரு எழுத்து வரவில்லை. சிங்களத்தில் வந்தது டாங்கிக் கதைதான். முழுவதும். தூங்காதது, ஏறியது, கட்டியது, மருந்து. கை நீட்டினார், கொடுத்தேன், நடுங்கியது. பயமா என்றார். பயமில்லை, மருந்து என்றேன். கண்ணைப் பார்த்தேனா? ஞாபகமில்லை. எதையோ எழுதிக்கொண்டார். "ஹரி" என்றார், சரியாம். "சொல்லி அனுப்புறோம்."

வெளியே வந்தால் கோமதி மாமாவின் சப்பாத்து இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள்.

"தொரே, இதென்ன கோயிலா?"

அவ்வளவுதான். சிரித்தேன். பல்லு எல்லாம் தெரிய, கண்ணாடி இல்லாமல், மெயின் ரோட்டில் பஸ் நிறுத்தும் இடம் வரைக்கும். அவளும். ரோட்டில் போன யாரும் எதுவும் சொல்லவில்லை.


ஜூன் 26, வியாழன். தூறல்.

நேற்றுக் கம்பனியிலிருந்து கோல். அவளுக்குப் பக்கெற் அடைக்கும் பகுதி. எனக்கு ஸ்டோர்ஸ், ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்வார்களாம். இன்றிலிருந்து. தோட்டத்தை விட்டு ஓடி ஓடி, கடைசியில் அதே தேயிலைத் தூள் மூக்குக்குள். தலையில் வலைத் தொப்பி வேறு போட வேண்டுமாம். ரிஸானா மிஸ் குரூப்பில் கை தட்டும் படம் பதினான்கு அனுப்பியிருக்கிறார். வேலைக்குப் போகும் எங்களைப் படம் எடுக்கப் பேனரோடு ஆட்கள் வரப் போகிறார்களாம். வரட்டும், தொப்பியை முகத்துக்கு இழுத்துவிடுவேன்.

இப்போதுதான் கோமதியிடமிருந்து மெசேஜ்: "தொரே, இன்னைக்குக் கழட்டாதீங்க. என்னால தூக்க ஏலாது, வேல இருக்கு."

"என்னடா தனியாச் சிரிக்கிற?"

அம்மா. அடுப்படி வாசலில். கையில் கரண்டி, முகத்தில் ரத்தம் இல்லை. மருந்து அட்டையைத் தேடிக் கை போகிறது.

"ஒண்ணுமில்லம்மா. தூங்கினேன். போட்டேன்."

நம்பவில்லை. மெசேஜைக் காட்ட வேண்டும். யார் அந்தக் கோமதி என்பார், அது வேறு ஒரு கதை. பஸ் ஹோர்ன் கேட்கிறது, ஒரு சப்பாத்துத்தான் போட்டிருக்கிறேன். போகணும்.