எம்மக காலேஜுக்குப் போயிருக்கா

அப்பா,

இன்று மதியம் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் உட்கார்ந்திருந்தேன். ஈர மை வாசனை மூக்கில் ஏறியது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அக்கா உங்கள் நினைவஞ்சலி நோட்டீஸின் மாதிரியை எடுத்து நீட்டினார். சென்னையிலிருந்து அண்ணன் எழுதி அனுப்பியது. வேட்டி சட்டையில் உங்கள் படம், கீழே அம்மாவின் பெயர், அண்ணன் பெயருக்குப் பின்னால் பி.இ., என் பெயருக்குப் பின்னால் பி.காம்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. உங்கள் பொய் இன்னும் உயிரோடு இருக்கிறது.

"இந்த பி.காமை எடுத்துருங்க. கணக்காளர், பட்டாசுக் கம்பெனின்னு போடுங்க" என்றேன்.

"நினைவஞ்சலில அப்படியெல்லாம் யாரும் போட மாட்டாகளே மேடம்."

"நான் போடுறேன்."

போட்டுவிட்டார். ஆனால் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிளஸ் டூ முடித்த வருடம் மக்காச்சோளத்தில் புழு விழுந்து வெள்ளாமை போயிற்று. அண்ணன் படிப்புக்காகக் கிழக்குச் செய் நிலத்தை அதற்கு முன்பே விற்றிருந்தீர்கள். "ஒரு வருசம் பொறு தாயி, அடுத்த வருசம் காலேஜ்ல சேத்துவிடுறேன்" என்றீர்கள். அந்த அடுத்த வருடம் வராது என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிந்துதான் இருந்தது.

பள்ளியில் ஒரு டீச்சர் சொல்லித்தான் அந்தக் கம்பெனியைத் தேடிப் போனேன். பிளஸ் டூ முடித்தவர்களைக் கணக்குப் பிரிவில் பயிற்சிக்கு எடுத்தார்கள். வேலை பார்த்துக்கொண்டே கணக்காளர் தேர்வு எழுதலாம், கட்டணத்தைக் கம்பெனியே கட்டும். இடம் கிடைத்ததும் ஓடிவந்து சொன்னேன். நீங்கள் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டீர்கள்.

"நம்ம வீட்டுப் பொம்பளப்பிள்ள இன்னொருத்தன்ட்ட கைகட்டிச் சம்பளம் வாங்குதுன்னு தெரிஞ்சா, ஊர்ல எம்புட்டுப் பேச்சு வரும்?"

"திருடவா போறேன்?"

"போ. ஆனா காலேஜுக்குப் போறன்னு சொல்லிக்கிடுவோம்."

அந்த 'சொல்லிக்கிடுவோம்' என்ற ஒரு சொல்லில் என்னையும் கூட்டாளியாக்கிவிட்டீர்கள். எனக்கு அப்போது வேலைக்குப் போனால் போதும் என்றிருந்தது. தலையாட்டினேன்.

பொய்யைச் சொன்னது நீங்கள். அதைத் தினமும் சுமந்தது நான். ஆமத்தூர் நிறுத்தத்தில் காலேஜ் பிள்ளைகளோடு தோளில் பை மாட்டி நிற்பேன். அவர்கள் விருதுநகர் பஸ்ஸில் ஏறுவார்கள். "அப்பா வேற காலேஜ்ல சேத்துட்டாரு" என்று சொல்லிவிட்டு நான் சிவகாசி பஸ்ஸில் ஏறுவேன். காலேஜ் விடுமுறை நாட்களில் ஊர் கண்ணில் படாமல் ஓடைக்கரை வழியாக நடந்துபோய் அடுத்த ஊரில் பஸ் பிடிப்பேன். தீபாவளி சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும். "ஸ்பெஷல் கிளாஸ்" என்று பக்கத்து வீட்டில் சொல்வீர்கள். எந்தப் பாடத்துக்கு என்று அவர்கள் என்னிடம் கேட்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்வேன்.

அந்த அலுவலகத்தில் நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. கேட்டதில்லையே. முதல் மாதம் முழுக்க பில்லையும் லோடு போன சீட்டையும் ஒத்துப் பார்க்கிற வேலை. அப்புறம் வடநாட்டு வியாபாரிகளின் போன். ஆர்டர் சொல்லும்போது அவர்கள் சொல்கிற எண் புரியாமல் முழிப்பேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏக், தோ என்று முணுமுணுத்தே இந்தி எண்களைப் படித்தேன். வரி விதி மாறும்போதெல்லாம் அலுவலகமே குழம்பும். யாருக்கு முன்னால் யார் புரிந்துகொள்கிறோம் என்று எங்கள் நாலைந்து பேருக்குள் போட்டி. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது அப்பா. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாய் நமநமக்கும். சொல்ல ஊரில் ஓர் ஆள் கிடையாது.

முதல் தடவை வருட முடிவுக் கணக்கை யார் துணையும் இல்லாமல் நானே முடித்தேன். இரண்டு பக்கமும் ஒத்து நின்றது. மேனேஜர் எழுந்துவந்து பார்த்துவிட்டு, "இனி இத நீயே பாத்துக்கோம்மா" என்றார். அன்று பஸ்ஸில் சந்தோஷத்தில் என்னால் உட்கார முடியவில்லை. வீட்டு வாசலில் நீங்கள் இரண்டு உறவுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். என் முகத்தைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று. நான் வாய் திறக்கும் முன் முந்திக்கொண்டீர்கள்.

"ரிசல்ட் வந்துருக்கும். எல்லாத்துலயும் பாஸாத்தான் இருக்கும்."

அவர்கள் எனக்குக் கைகொடுத்தார்கள். நீங்கள் பெருமையாகச் சிரித்தீர்கள். இல்லாத ஒரு பரீட்சைக்காகச் சிரித்தீர்கள். நான் உள்ளே போய் முகம் கழுவினேன்.

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். அந்த ஒரு நாளை முடியவில்லை.

சரக்கு இருப்பைச் சரிபார்க்க அன்று என்னை எங்கள் ஆலைக்கு அனுப்பியிருந்தார்கள். காலையில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். முற்பகலில் தரை குலுங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது. அடுத்திருந்த வேறொரு ஆலையில் வெடி விபத்து. தெற்கே வெள்ளைப் புகை எழும்பி நின்றது. எங்களை எல்லாம் வேலையை நிறுத்தி வெளியே அனுப்பினார்கள். எந்த ஆலை என்று தெரியாமல் சுற்றுப்பட்டு ஜனம் முழுக்க எங்கள் வாசலிலும் வந்து முட்டியது. பெண்கள் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் உங்களைப் பார்த்தேன். சட்டைகூடப் போடவில்லை. தோளில் துண்டு மட்டும். டிவிஎஸ் வண்டியைக் கீழே போட்டுவிட்டு, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். என்னைப் பார்த்ததும் முகம் அப்படியே உடைந்துபோனது. வாழ்நாளில் நான் பார்த்திராத முகம் அது. "அப்பா" என்று நான் ஓடிவந்தேன்.

அப்போது பக்கத்தில் நின்றவர் உங்கள் பக்கம் திரும்பினார். விருதுநகரில் உங்கள் பருத்தியை வாங்குகிற வியாபாரி. அவர் சொந்தக்காரர் யாரையோ தேடி வந்திருந்தார்.

"என்ன, நீங்க இங்கன? இது உங்க மகளா?"

"இல்ல அண்ணாச்சி" என்றீர்கள். "எம்மக காலேஜுக்குப் போயிருக்கா. சத்தம் கேட்டுச்சேன்னு சும்மா வந்தேன்."

நான் கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். என் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. நீங்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியை நிமிர்த்தி, திரும்பிப் பார்க்காமல் போனீர்கள்.

சாயங்காலம் தொழுவத்தில் வந்து கேட்டேன். "நான் அங்கன செத்துருந்தா என்ன செஞ்சிருப்பீக? பொணத்தையும் காலேஜ்லருந்து வாங்கிட்டு வந்தேன்னு சொல்லிருப்பீகளா?"

வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனீர்கள்.

நீங்கள் என்மேல் பாசம் இல்லாதவர் என்றிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருக்காது. சட்டை போட மறந்து ஓடிவந்தவர் நீங்கள். அந்த ஓட்டம் பொய்யில்லை. அவ்வளவு பாசத்தையும் ஒரு பருத்தி வியாபாரி முன்னால் விழுங்க முடிந்ததே உங்களால், அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு பெண் பார்க்க வந்தார்கள். பி.காம் என்று சொல்லி வைத்திருந்தீர்கள். எந்தக் காலேஜ் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். "நான் காலேஜுக்கே போனதில்ல. பட்டாசுக் கம்பெனியில கணக்கு பாக்குறேன்" என்றேன். அவர்கள் காபியை முடிக்காமல் எழுந்தார்கள். "எம்மானத்த வாங்கிட்டியே" என்றீர்கள். மறுவாரம் தரகர் வந்து என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? "வேலைக்குப் போற பொண்ணுன்னா அவுகளுக்குச் சந்தோசந்தானாம். இப்படிப் பொய் சொல்லிட்டீகளேன்னுதான் வேண்டாம்ங்கறாக." அதைக் கேட்ட பிறகாவது ஒரு வார்த்தை பேசுவீர்கள் என்று காத்திருந்தேன். சாப்பாடு, மாத்திரை, மழை, இவ்வளவுதான் நமக்குள் கடைசிவரை பேச்சு.

நீங்கள் போன அன்று கம்பெனி வேனில் ஆட்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். யார் இவர்கள் என்று பெரியப்பா கேட்டார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சத்தமாகச் சொன்னாள்: "எம்மக வேல பாக்குற கம்பெனி ஆளுக." முற்றம் முழுக்கக் கேட்டது. உங்களுக்குத்தான் கேட்கவில்லை.

இப்போது கணக்குப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளை நான்தான் சேர்க்கிறேன். ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். சேருகிற நாளில் வீட்டிலிருந்து யாராவது வந்து அலுவலகத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஏன் இந்தப் பிடிவாதம் என்று மேனேஜருக்குப் புரியவில்லை. கோபத்தில் போட்ட விதி அது.

போன வாரம் ஆனைக்குட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கூட அவள் அப்பா, உங்களைப் போல வெள்ளாமை பார்க்கிற சம்சாரி. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சுற்றிலும் பார்த்தார்.

"எம்மக எங்கன உக்காருவா?" என்றார்.

ஜன்னலோர நாற்காலியைக் காட்டினேன். அவர் அதன் பக்கத்தில் போய், முதுகுச் சாய்மானத்தை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். கெட்டியாக இருக்கிறதா என்று. "சரி" என்று மகளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கிளம்பினார்.

நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழவில்லை அப்பா. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்க உங்களுக்கு எத்தனை வருடம் இருந்தது.