சம்பந்தி கையெழுத்துக் கேட்டு வந்த நாள்

என் கண்ணான மகளுக்கு,

அம்மா உயிரோடு இருக்கிறேன், பேசுகிறேன், கஞ்சி குடிக்கிறேன், அதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மேலே படி. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருப்பதால் இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். அப்பா எழுதித் தருகிறேன் என்றார், இதை நானே எழுத வேண்டும் என்று பேனாவை வாங்கிக்கொண்டேன்.

உன் மாமனார் என்னை அடித்துவிட்டார். வேறு யாராவது திரித்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவரும் நானும் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் செய்வது எலக்ட்ரான் பற்றாக்குறை உள்ள பாலிமர் என்று உனக்குத் தெரியும், சூரிய மின்கலத்திலும் டிரான்சிஸ்டரிலும் எலக்ட்ரானை வாங்கிக் கடத்துவதுதான் அதன் வேலை. இழுக்கும் பலம் போதாவிட்டால், வாங்கியதைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் பறித்துக்கொள்ளும். அவர் வடிவமைத்த பாலிமர் வெளிக்காற்றில் மாதக்கணக்கில் தாங்குகிறது என்று கட்டுரை எழுதி, அதில் என் பெயரையும் சேர்த்திருந்தார். நான் அதே முறையில் செய்து பார்த்தேன், காற்றுப் புகாத நைட்ரஜன் பெட்டிக்குள் நன்றாக ஓடிய டிரான்சிஸ்டர் வெளியே எடுத்த அன்றைக்கே படுத்துவிட்டது. அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். பாலிமர் சங்கிலியின் நடுவில் நீங்கள் வைத்திருக்கும் துண்டு எலக்ட்ரானைக் கொடுக்கிற ஜாதி, அதையும் இழுக்கிற துண்டாக மாற்றிப் பார்ப்போம், அதுவரை கட்டுரை பத்திரிகைக்குப் போக வேண்டாம் என்று சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் சிலிண்டர் திருகும் ஸ்பேனரோடு வந்து, கட்டுரையை அனுப்ப எனக்கும் சம்மதம் என்று எழுதிய தாளை மேசையில் வைத்து, ஒரு கையெழுத்து போதும் சம்பந்தியம்மா என்றார். முடியாது என்றேன். முதல் அடி நைட்ரஜன் பெட்டியின் கண்ணாடியில், அடுத்தது என் மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. முடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதி, போடுடி, உன் பொண்ணு என் வீட்டுல வாழணுமா வேணாமா என்று கத்தினார். பல் ஒன்று தாளின் மேலேயே விழுந்தது. அவர் கட்டைவிரல் என் வாய்க்குக் கிட்டே வந்தது, எலும்பு தட்டும்வரை கடித்தேன். ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர்களை அளந்து பார்க்கும் பெண் ஓடிவந்து தீயணைக்கும் உருளையால் அவர் முழங்காலில் போட்ட பிறகுதான் ஆள் கீழே விழுந்தார். இரண்டு பேர் ரத்தமும் தரையில் ஒன்றாகக் கிடந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு உன் மாமியார் வந்தார். கேஸ் வேண்டாம் என்று கெஞ்ச வந்திருக்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். தோள் வரைக்கும் தழும்பு. எனக்கு வெளிய சொல்ல வாயில்லாமப் போச்சு, நீங்க எழுதிக் குடுங்க, சாட்சிக்கு நான் வர்றேன் என்றார். போலீசில் புகார் கொடுத்துவிட்டேன். உன் மாமியார் இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறார், உன் அறையில் படுத்துக்கொள்கிறார்.

மாப்பிள்ளையைப் பழி சொல்லாதே, அப்பன் செய்ததற்கு அவர் என்ன செய்வார். வேளைக்குச் சாப்பிடு, வேலையை எக்காரணத்துக்காகவும் விடாதே. தீர்க்காயுசாக, தைரியமாக இரு. ஒன்று மட்டும் மறைக்காமல் பதில் எழுது. போன தடவை வீடியோவில் பேசியபோது அந்த வெயில் காலத்தில் கழுத்துவரை துணி சுற்றியிருந்தாயே, ஏன்?

எந்த நேரமும் உனக்காகக் கதவைத் திறக்கிற,
உன் அம்மா