கயிறு கட்டியபோது நான் பேசவில்லை

அத்தை பெற்ற என் மாமாவுக்கு, சரசு எழுதுவது.

இன்னும் பத்து நாளில் நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகும். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், எருமைக்குத் தண்ணி காட்டுகிறேன். காலையில் எழுந்ததும் வண்டிக்கு அடியில் கிடக்கும் தகரத்தைக் குனிந்து பார்க்கிறேன். சிவப்பு எண்ணெய் எத்தனை சொட்டு விழுந்திருக்கிறது என்று நீங்கள் பார்ப்பீர்களே, அதேபோல. ஒரு சொட்டும் இருப்பதில்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும்.

திதிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க உங்கள் படம் போட்டு நோட்டீஸ் அடிக்கலாம் என்று என் அண்ணன் சொன்னார். படத்துக்குக் கீழே நான் எழுதுவதைப் போடுங்கள் என்றேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. பிழை இருந்தால் அச்சாபீசில் திருத்திக்கொள்ளட்டும்.

வண்டி வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நெல்லியாம்பதி எஸ்டேட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது வெட்டிப் போட்ட மரத் தடி உருண்டு உங்கள் இடது முழங்கால் போனது. அப்புறம் அந்தக் கால் மடங்கவே இல்லை. கிளட்சை மிதிக்க முடியாத டிரைவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? இரண்டு வருஷம் கட்டிலில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தீர்கள். துரை எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குத் திரும்பும்போது, கப்பலில் கொச்சிக்கு வரவழைத்த தன் வேனை உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே எட்டிப் பார்த்தேன். காலுக்கு இரண்டே கட்டைகள் இருந்தன, ஒன்று ஓட, ஒன்று நிற்க. கியரை அதுவே மாற்றிக்கொள்ளும் என்றீர்கள்.

"சரசு, இந்த வண்டி எனக்கு எடது காலே வேண்டாங்குது புள்ள."

அன்றைக்குத்தான் இரண்டு வருஷம் கழித்து நீங்கள் சிரித்துப் பார்த்தேன்.

அதற்கப்புறம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிச் சந்தைக்குக் காய்கறி போனதெல்லாம் நம் வண்டியில்தான். அதற்குச் சாமான் எங்கேயும் கிடைக்காது. கியர்ப் பெட்டிக்கு ஊற்றும் அந்தச் சிவப்பு எண்ணெய்க்குக் கோயமுத்தூர் போக வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுத்தான் அந்த எண்ணெயின் மட்டம் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்ல, பட்டறை ராவுத்தர் நம்ப மாட்டார். "கொதிக்கிற சட்டிக்குள்ள கையை உட்டு உப்புப் பாக்கறவன் நீ ஒருத்தன்தாம்பா" என்பார். பேட்டரி தீர்ந்து நின்றால் ஊரே தள்ள வரும். தள்ளினால் இது கிளம்பாது என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் பாதித் தூரம் தள்ளியிருப்பார்கள்.

வேலந்தாவளம் பக்கம் ஒருநாள் நின்றுவிட்டதே, ஞாபகம் இருக்கிறதா? கட்டி இழுக்க ஜீப் வந்தது. நீங்கள் அந்த மடங்காத காலோடு அடியில் புகுந்து, பின் சக்கரத்துக்குப் போகும் நீளமான ஷாஃப்டைக் கழற்றினீர்கள். நாலு நட்டையும் என் முந்தானையில் வாங்கிக்கொண்டேன்.

"இதைக் கழட்டாமக் கட்டி இழுத்தா கியர்ப் பொட்டி உள்ளுக்குள்ளயே வெந்து போயிரும். மனசுல வெச்சுக்கோ" என்றீர்கள். வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அது நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது. கடலை பிடுங்கிய காட்டில் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தீர்கள். வரப்பில் ஏற்றினேன், கள்ளி வேலியில் விட்டேன், ஒரு மாதத்தில், ஆள் நடமாட்டமில்லாத ராத்திரியில், சந்தை ரோடு வரைக்கும் ஓட்டினேன். ஊருக்குச் சொல்லலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். நான்தான் வேண்டாம் என்றேன். நொண்டிக்குப் பொண்டாட்டிதான் டிரைவர் என்று சந்தையில் பேசுவார்கள், அதை உங்கள் காதில் விழவிட எனக்குப் பிரியமில்லை.

நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அன்றைக்கும் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு நீங்களேதான் ஓட்டினீர்கள். நான் ஓட்டுகிறேன் என்றேன். சும்மா உட்காரு என்றீர்கள். வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நடந்தீர்கள். மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டீர்கள்.

அண்ணன், லாரி ஓட்டும் பழனியப்பனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். உங்களைப் பலகையில் வைத்து நம் வண்டிக்குள்ளே ஏற்றினார்கள். நான் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். பழனியப்பன் எஞ்சினைக் கிளப்பினான். ஆஸ்பத்திரிக் கேட்டு வரைக்கும்கூடப் போகவில்லை. அவன் இடது கால் இல்லாத கிளட்சைத் தேடி, பிரேக்கை ஓங்கி மிதித்தது. பலகையோடு நீங்கள் முன்னால் நழுவினீர்கள். உங்கள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் இறங்கிவிட்டான். "சவத்தை வெச்சுட்டு இதுல நான் பழக முடியாதுங்க" என்றான்.

கேட்டுக்காரர் வந்து, "சேச்சி, வண்டி இவிடெ இடான் பற்றில்ல" என்றார். அங்கே விடக்கூடாதாம். அப்போது ஒரு டிராக்டர் காலியாகக் கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அண்ணன் அதை நிறுத்திக் கயிறு கேட்டார். ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொள்கிறேன் என்று பழனியப்பன் திரும்ப ஏறினான்.

மாமா, கயிறு கட்டுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடிச்சுப் போட்டார்கள், இழுத்துப் பார்த்தார்கள், இன்னொரு முடிச்சுப் போட்டார்கள். ஷாஃப்டைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைவிட, எழுந்து முன் சீட்டுக்குப் போனால் நானே உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றும் தெரியும். வாய் வரவில்லை. புருஷனைப் பின்னால் கிடத்திவிட்டு வண்டி ஓட்டுகிறாள் என்பார்கள் என்று பயந்தேனா? அப்படிப் பயந்ததாகக்கூட ஞாபகம் இல்லை. முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தூர் தாண்டியதும் கருகின வாடை வந்தது. ஊதுபத்தி என்று பக்கத்தில் இருந்த அண்ணன் நினைத்தார். வீட்டு வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். ரோடு நெடுக எண்ணெய் ஒழுகிக்கொண்டே வந்திருந்தது.

உங்கள் காரியமெல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்து, வண்டியைக் கிளப்பிப் பார்த்தோம். எஞ்சின் ஓடியது. வண்டி அசையவில்லை. ராவுத்தர் வந்து பெட்டியைக் கழற்றி, கரியாகிப்போன வட்டத் தகடுகளைச் சாக்கில் பரப்பினார்.

"இதை ஆரோ கட்டி இழுத்திருக்காங்க" என்றார்.

"இழுத்தா என்னங்க? ஊருல எல்லா வண்டியும் இழுக்கறதுதானே" என்றார் அண்ணன். "இதெல்லாம் ஆருக்குத் தெரியும்? தெரிஞ்ச ஒருத்தரு உள்ள படுத்திருந்தாரு."

"எனக்குத் தெரியும்ணா" என்றேன். "கழட்டோணும்னும் தெரியும். ஓட்டவும் தெரியும்."

அண்ணன் என்னையே பார்த்தார். "அப்புறம் ஏன் சரசு நீ வாயத் தொறக்கல?"

சாக்கில் கிடந்த தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். தெரிந்தே சும்மா இருந்தேன் என்பதை எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதிவிட்டேன். பழனியப்பன் மேலும் அண்ணன் மேலும் ஒரு தப்பும் இல்லை.

அந்தத் தகடுகள் சீமையிலிருந்துதான் வர வேண்டும். துரைக்குக் கடுதாசி போட்டோம், திரும்பி வந்துவிட்டது. பொள்ளாச்சிக்காரர் ஒருவர் வண்டியைக் கேட்டார். தர மாட்டேன் என்றேன். ஜீப்பின் கியர்ப் பெட்டியை மாட்டித் தரலாம் என்கிறார் ராவுத்தர். மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். "கிளட்சு வந்துரும் அம்மிணி, பரவால்லயா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவருக்கும் உங்கள் கால் ஞாபகம் இருக்கிறது.

இனி நம் வண்டியில் மூன்று கட்டைகள் இருக்கும் மாமா. நீங்களே திரும்பி வந்தாலும் அதை ஓட்ட முடியாது. இதைக் கேட்டு உங்களுக்கு வருத்தமா? எனக்கு வருத்தம்கூட வரமாட்டேன் என்கிறது. வேலை மட்டும் நடக்கிறது. பழைய பெட்டியைச் சாக்கில் கட்டி உங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ராவுத்தர் சும்மா கிடக்கும் ஒரு ஜீப்பில் என்னை உட்காரவைத்துக் கிளட்சைப் பழக்குகிறார். இத்தனை நாள் என் இடது காலை நான் கவனித்ததே இல்லை. மிதித்து மிதித்து ராத்திரியில் வலிக்கிறது.

வண்டி தயாரானதும், முதல் நாள் காய்கறி ஏற்ற மாட்டேன். பாலக்காட்டுக்குப் போய், அந்த வேப்ப மரத்தடியில் நிறுத்துவேன். அங்கிருந்து டிராக்டர் வந்த அதே ரோட்டில், பட்டப்பகலில், நம் வாசல் வரைக்கும் நானே ஓட்டி வருவேன். யார் என்ன சொன்னாலும் வழியில் நிறுத்த மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்,
சரசு