‘செல்’ என்ற ஒரு சொல்லுக்காகத் தடுத்துவைக்கப்பட்ட கடவுச்சீட்டு

அனுப்புநர்:
கலாநிதி மு. ஐங்கரன்,
மக்கீன் அவர்களின் வீட்டு மேல்மாடி,
கடற்கரைப் பக்க ஒழுங்கை, வெள்ளவத்தை.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
காலி வீதிப் பொலிஸ் நிலையம், கொழும்பு.

விடயம்: வாக்குமூலத்தில் பிழையாக எழுதப்பட்ட சொல்லைத் திருத்திக் கடவுச்சீட்டைத் திருப்பித் தரக் கோரல்

மதிப்புக்குரிய ஐயா,

1. ஞாயிறு காலைச் சுற்றிவளைப்பில் என் அறை சோதிக்கப்பட்டது. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் சரியாகவே இருந்தன. இருந்தும் என்னை நிலையத்துக்குக் கூட்டிச் சென்றார்கள். மாலையில் என்னை விட்டார்கள், கடவுச்சீட்டை விடவில்லை.

2. வெளிநாட்டில் என்ன வேலை என்று கேட்டார்கள். விளங்கட்டும் என்று எளிதாகவே சொன்னேன்: “செல்லிலதான் வேலை. ரத்தத்தில இருக்கிற செல்லுக்குள்ள மலேரியாக் கிருமி எப்பிடிப் பூருது எண்டு பாக்கிறது.” மொழிபெயர்த்த கொன்ஸ்தாபிள் முதல் வசனத்தோடு நிறுத்திவிட்டார். நான் யாழ்ப்பாணத்தான் என்பதால் அவருக்கு வானத்திலிருந்து விழுந்து வெடிக்கிற ஷெல்தான் கேட்டிருக்கிறது. எங்கள் ஊரில் இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்வோம், மறுக்கவில்லை. ஆனால் ஷெல்லுக்குள் மலேரியா நுழையுமா என்று அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. ‘ஷெல் சம்பந்தமான தொழில்நுட்ப வேலை’ என்று சிங்களத்தில் எழுதியிருந்தார்கள். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். அதனால்தான் கையொப்பமிடவில்லை.

3. “கலாநிதிப் பட்டம் முடிந்துவிட்டால் பிறகென்ன ஆராய்ச்சி?” என்று சார்ஜன்ட் கேட்டார். நியாயமான கேள்வி, என் அம்மாவும் அதையே கேட்கிறார். பட்டம் எடுத்தவர் பெரிய ஆய்வுகூடமொன்றில் சில வருடம் சம்பளத்துக்கு ஆராய்வார். அது படிப்பல்ல, உத்தியோகம். ஸ்கொட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் அந்த இடத்தை எனக்குத் தந்திருக்கிறது. இரக்கப்பட்டுத் தரவில்லை.

4. என்னைப் பிணையெடுக்க வந்த வீட்டுக்காரர் மக்கீன் நானா, “இவரு டொக்டர்” என்றார். சார்ஜன்ட் உடனே காற்சட்டையைச் சுருட்டி நோகிற முழங்காலைக் காட்டினார். நான் அந்த டொக்டர் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். சந்தேகம் கூடியது.

5. நானாவின் மகள் ரபீக்கா உயிரியல் ஆசிரியை. “பொத்தகத்துல செல்லுக்கு ‘கலம்’னுதானே ஈக்கி, அதச் சொல்லீக்கலாமே” என்று என்னை ஏசினார். யோசித்துப் பார்த்தேன். கலம் என்றால் கப்பலும்தான். வடக்கிலிருந்து வந்தவன், கப்பல், வெளிநாடு: வாக்குமூலம் இன்னும் நீண்டிருக்கும்.

6. வெள்ளிக்கிழமை எனக்கு விசா நேர்முகம். கடவுச்சீட்டு இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். அவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர், ஆனால் இந்த வேலைக்கு நான்தான் திறம்.

7. ஆகவே வியாழன் காலை நானே நிலையத்துக்கு வருகிறேன். நுணுக்குக்காட்டியொன்றும் கொண்டுவருவேன். வழியில் சோதனைச் சாவடிகளில் அதற்கும் வேறு பெயர் வைக்காதபடி ஓர் அனுமதித் துண்டு தந்துதவுங்கள். சார்ஜன்ட் விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் தரட்டும். அதை நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துப் பார்க்கட்டும். அவருக்குத் தெரிவது எதுவோ, அதுதான் நான் சொன்ன சொல். அதை எந்த மொழியில் எழுதினாலும் கையொப்பமிட்டு, கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு போகிறேன்.

வியாழன் காலை தங்களைச் சந்திக்கவுள்ள,
முத்துலிங்கம் ஐங்கரன்
(ஒப்பம்)

வெள்ளவத்தை
1998 மார்ச் 10