கடுக்காய்ப் பொடியும் நீ மூடிய வாயும்

தங்கச்சி,

பெரிய பேரனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை கிடைத்துவிட்டது. அடுத்தவன் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டான், நம் தெருவிலேயே அவனுக்குத்தான் முதல் மார்க். பேத்தி வேலூரில் நர்சுக்குப் படிக்கிறாள். கடைக்குட்டிக்குப் போன வாரம் பள்ளிக்கூடத்தில் பல் சுத்தத்துக்கு முதல் பரிசு, ஒரு பீங்கான் கோப்பை.

கோப்பையை என் கையில் வைத்து, "டாக்டர் எல்லார் வாயையும் பாத்தார், ஆயா. உனக்கு யார்ரா சொல்லிக்குடுத்தாங்கன்னு கேட்டார். எங்க ஆயான்னேன்" என்றான்.

நானும் தலையை ஆட்டிவிட்டேன். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடுதாசி. செத்தவளுக்கு எந்தத் தபால்காரன் கொண்டுபோய்க் கொடுப்பான் என்று சிரிக்காதே. நீ எங்கே சிரிக்கப் போகிறாய்.

நீ என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு ஆம்பூருக்கு வந்தபோது இந்த வீட்டுப் பல்பொடி என் பொடிதான். தோல் பதனிடும் ஷாப்பில் சிந்திக்கிடக்கும் கடுக்காய்த் தூளையும் ஆவாரம்பட்டைத் தூளையும் என் வீட்டுக்காரரிடம் கட்டிவரச் சொல்லி, செங்கல்லும் உப்பும் சேர்த்து இடித்து வைப்பேன். எருமைத் தோலையே கெட்டியாக்கும் சரக்கு ஈறைக் கெட்டியாக்காதா என்பது என் ஞாயம். தெருவே வந்து வாங்கிப்போனது.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது உன் ஈறில் ரத்தம் கண்டது. "கெட்ட ரத்தம்டி, போவட்டும். இன்னும் அழுத்தித் தேய்" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்று கையில் வேப்பங்குச்சியோடு வந்தாய். முகமெல்லாம் வெளிச்சம். "நர்சம்மா சொன்னாங்கக்கா. நுனியை மென்னு பஞ்சாட்டம் ஆக்கிக்கணுமாம். மேல்பல்லை ஈறுலேர்ந்து கீழ, கீழ்ப்பல்லை ஈறுலேர்ந்து மேல, மெதுவா. குறுக்க இழுக்கவே கூடாது. உள்பக்கத்தையும் விடக்கூடாது, நாக்கையும் வழிக்கணும். ராத்திரி சாப்பிட்டப்புறம் இன்னொரு வாட்டி."

"இன்னாடி இது, பல்லு வெளக்கக் கூடவா பள்ளிக்கூடம்? மெதுவா தடவிக்குடுக்க அது இன்னா பச்சப்புள்ளையா?"

வாசலில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு பீபியம்மா மட்டும், "வுடும்மா, பாவம். ரத்தம் ஜாஸ்தியா வருதுல்ல" என்றாள். அதில் எனக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது. குச்சியைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். மறுநாளிலிருந்து உன் உள்ளங்கையில் பொடியைக் கொட்டிவிட்டு, தேய்த்து முடிக்கும்வரை எதிரில் நின்றேன். நீ சிவப்பாகத் துப்பினாய்.

பொடிக்காக அல்ல அந்தக் கோபம். நான் அஞ்சாவது வரை படித்தவள். கையெழுத்துப் போடத் தெரியாத நீ எனக்குச் சொல்லிக்கொடுப்பதா என்றுதான்.

மூன்றாவது பிள்ளைக்குள் உன் முன்பற்கள் போய்விட்டன. உன் மகன் கல்யாணத்தில் போட்டோக்காரன், "வாயிலேர்ந்து முந்தானையை எடுங்கம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றான். "அவளுக்கு வெக்கம் ஜாஸ்திப்பா, நீ எடு" என்று நான்தான் பதில் சொன்னேன். உனக்கென்று இருப்பது அந்த ஒரு போட்டோதான்.

உன்மேலும் எனக்கு ஆத்திரம் உண்டு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், பொடியை என் மூஞ்சியில் வீசியிருக்கக் கூடாதா? உன் வாயை என்னிடம் விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் குச்சி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாயாமே, என் பிள்ளைகளையும் சேர்த்து. நீ போன பிறகு என் மகன்தான் சொன்னான்: "உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம், வருத்தப்படுவாங்கன்னு சித்தி சொன்னாங்க." அவன் செய்துகாட்டியதை நான் பார்த்து, பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தேன், என்னுடையது போல.

எனக்கு மிச்சம் இருப்பது நாலு பல். ராத்திரி குச்சியை வைக்கும்போதெல்லாம் "மெதுவாக்கா" என்று நீ சொல்வது கேட்கிறது.

கடைக்குட்டியைக் கூப்பிட்டு இன்று காலையில் சொல்லிவிட்டேன், கோப்பை உன் சின்ன ஆயாவுடையது என்று. "போட்டோல வாயை மூடிக்கினு இருக்கிற ஆயாவா?" என்றான்.

எல்லோரும் பல் தெரிய ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பெரியவனுக்கு எழுதியிருக்கிறேன். உன்னிடம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். அந்த முந்தானையை எடுத்துவிட்டுப் புதுசாக ஒன்று எடுத்து அனுப்பு, தங்கச்சி.